பிரிக்ஸ் துரை கேட்ட வெந்நீர்

அத்தியாயம் 14

ஆம்பூரில் அன்று காலை காற்றே குழம்பிப் போயிருந்தது.

மக்பூல் அகமது சாயபுவின் தோல்ஷாப்பு எந்தப் பக்கம் என்று வெளியூர்க்காரருக்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்லை. மூக்கே காட்டிவிடும். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் ஆட்டுத்தோலின் வாசனை பாலாற்று மணல்வரை வந்து ஆளைக் கைப்பிடித்து அழைத்துப் போகும். ஆனால் அன்று லீட்ஸ் பட்டணத்திலிருந்து பிரிக்ஸ் துரை வருகிறார். ஆகவே சாயபு ஒன்பது புட்டி பன்னீரையும் இரண்டு புட்டி அத்தரையும் தொட்டிகளைச் சுற்றித் தெளிக்கச் சொல்லியிருந்தார். சுண்ணாம்பு வாசனை போகவில்லை. அத்தரும் தோற்கவில்லை. இரண்டும் கூடி மூன்றாவதாக ஒன்று பிறந்திருந்தது.

"கல்யாண வூட்ல எலி செத்துக் கெடந்தா இப்டித்தான் இருக்கும் சாயபு," என்றார் மேஸ்திரி ரத்தினசாமி. இருபத்திரண்டு வருஷமாக அங்கே வேலை செய்கிறவர். உண்மையைச் சொல்ல அந்தத் தோல்ஷாப்பில் அனுமதி பெற்ற ஒரே ஆள்.

"உனக்கு இன்னா தெரியும் ரத்தினம்? சீமைல எல்லாத் தோல்ஷாப்பும் மணக்கும்."

"நீங்க பார்த்தீங்களா சாயபு?"

சாயபு வாசற்பலகையை நிமிர்ந்து பார்த்தார். பச்சைப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. 'மக்பூல் அகமது அண்டு பிரதர்ஸ், லண்டன், ரங்கூன், ஆம்பூர்.' அவருக்கு இருப்பது ஒரே ஒரு தம்பி. ஒருமை சிறியதாகத் தெரிந்ததால் பன்மை போட்டார். ரங்கூனில் ஒரு தாய்மாமன் லுங்கிக் கடை வைத்திருந்தார். லண்டனில் யாரும் இல்லை. ஆனால் பலகையில் இடம் இருந்தது.

அந்த ஒரே தம்பி ஷபீ அஹமதுவின் தலைமேல்தான் இந்த வாரம் கத்தி தொங்குகிறது. போன அத்தியாயங்களை விட்டவர்களுக்கு அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

இது இருபத்தேழாம் வருஷத்துச் சித்திரை. ஆம்பூரில் தோலை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பொன்னிறமாக எடுத்து, கப்பலேற்றுவதுதான் வழக்கம். ஆனால் சீமைக்காரனும் அமெரிக்காக்காரனும் இப்போது குரோம் உப்பில் பதனிட்ட தோலைத்தான் பூட்ஸுக்குக் கேட்கிறார்கள். நம்மிடம் பச்சைத் தோலாக வாங்கிப் போய், அங்கே குரோம் போட்டு, பூட்ஸாகத் தைத்து, நம் ஊர் தாசில்தார் காலுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். மதராஸ் தோல் பள்ளிக்கூடத்தில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்த ஷபீ, "அந்த வேலைய நாமே செஞ்சா இன்னா?" என்று கேட்டான். கேட்டதோடு நிற்காமல் செய்தும் பார்த்தான். முதல் வருஷம் தோல் அப்பளம் மாதிரி வந்தது. இரண்டாம் வருஷமும் அப்பளம்தான், பச்சை அப்பளம். மூன்றாம் வருஷம், இந்த ஜனவரியில், பன்னிரண்டு தோல் மட்டும் மெத்தென்று, வெளிறிய நீல நிறத்தில், துவைத்த துணி போல வந்தது.

அந்தப் பன்னிரண்டையும் மாதிரிக்காக லீட்ஸ் கம்பெனிக்கு அனுப்பினான். பதில் வந்தது. எங்கள் ஆள் நேரில் வருவார். அவருக்குத் திருப்தியானால் எந்திரமும் முதலும் எங்களுடையது, இடமும் ஆளும் உங்களுடையது, பாதிக்குப் பாதி கூட்டு.

மூத்தவர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சபையில் தீர்ப்புச் சொல்லும் குரலில் அறிவித்திருந்தார்: "துரை சரின்னா உனக்குத் தனி ஷெட். இல்லேன்னா வர்ற செவ்வாக்கிழமை ரங்கூன் கப்பல். மாமா கடைல லுங்கி மடி. ரெண்டு வருஷம் புத்தி வரட்டும்."

டிரங்குப் பெட்டியைக்கூடத் தானே வாங்கிவந்து கூடத்தில் வைத்துவிட்டார். அதன்மேல் இப்போது பூனை படுத்திருக்கிறது.

ஷபீக்குக் கல்யாணமாகிப் பத்து மாதம். மனைவி ஜஹீதா வாணியம்பாடிப் பெண். அவளுக்கு இரண்டு மாதம் நாள் தள்ளியிருப்பதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவன் அண்ணனோடு சண்டை போடுவான். இல்லாவிட்டால் அந்தப் பாரத்தோடு கப்பலேறுவான். இரண்டும் வேண்டாம், இன்று துரை வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும் என்று வாய்க்குள் வைத்திருந்தாள்.

*

தோல்ஷாப்புக்கு எதிர்வாடையில் வீடு. சமையற்கட்டில் ஒரு படி அரிசியும் மூன்று சேர் ஆட்டுக்கறியும் தேக்சாப் பானையில் ஏறியிருந்தன. பிரியாணிக்குத் தம் போடும் வேளை.

"நீ தள்ளு, நான் மாவு ஒட்டறேன்," என்றாள் ரஃபத் ஜஹான், பெரிய சாயபுவின் மனைவி.

"வேணாம் பாபி. நானே போடறேன்."

"எப்பப் பாரு நீயே போடற. தொறக்கறதும் நீயே. உள்ள புதையலா வெச்சிருக்கே?"

ஜஹீதா சிரித்தாள். புகுந்த வீட்டுக்கு வந்த புதிதில் மூடிக்கும் பானைக்கும் நடுவே அவள் ஒட்டும் மாவு வெடித்து, ஆவி பிய்த்துக்கொண்டு போகும். சோறு அரைவேக்காடு. "வாணியம்பாடிக்காரிக்குத் தம் போட வராது" என்று பெரிய சாயபு சாப்பாட்டுத் தட்டின்முன் தீர்ப்பு எழுதினார். ஜனவரிக்குப் பிறகு அப்படி நடக்கவேயில்லை. ஒரு இழை ஆவி வெளியே வராது. இப்போது அதே சாயபு ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார்: "தம்முன்னா எங்க வூட்டுத் தம்மு."

ரஃபத் ஜஹான் வெளியே போகிறவரை ஜஹீதா காத்திருந்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

இதே நேரத்தில் தோல்ஷாப்பில் ஒரு அநியாயம் முடிந்துபோயிருந்தது.

துரைக்குக் காட்டுவதற்கென்று ஷபீ ஒரு மாதம் உழைத்து இருபது நீலத்தோல் தயார் செய்திருந்தான். காலையில் அவன் ஜட்கா கட்டிக்கொண்டு ரயிலடிக்குப் போனதும், பெரிய சாயபு அந்த மேஜையருகே வந்து நின்றார். ஒரு தோலை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். முகம் சுளித்தார்.

"பாசி புடிச்ச மாதிரி இருக்கு. இதப் பாத்தா துரை இன்னா நெனைப்பான்? நம்ம தோல் ஊசிப்போச்சுன்னு நெனைப்பான். வண்டிய கட்டச் சொல்லு ரத்தினம். நாட்றம்பள்ளி கிடங்குல போயி மறைச்சி வை."

"சின்ன சாயபு வந்து கேட்டா?"

"நான் இருக்கேன்ல. ஆவாரம்பட்டைச் சரக்குல மொதத் தரமா இருபது எடு. தங்கமாட்டம் இருக்கணும். குரோம்னு சீட்டு ஒட்டு."

"சாயபு, குரோம் வேற, இது வேற..."

"தோலு தோலுதான் ரத்தினம்!"

ரத்தினசாமி வண்டியைக் கட்டச் சொன்னார். பிறகு சுண்ணாம்புத் தொட்டி ஓரமாகப் போய், அங்கே இருந்த அத்தர் வாசனையை வேண்டுமென்றே இரண்டு தரம் மூச்சிழுத்தார். தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள அதைவிடப் பெரிய தண்டனை கைவசம் இல்லை.

*

துரைக்காக வேலூரிலிருந்து பேசி வைத்திருந்த வாடகை மோட்டார் பள்ளிகொண்டாவிலேயே படுத்துவிட்டது. ஆகவே பிரிக்ஸ் துரை ஜட்காவில், வைக்கோல்மேல் சம்மணமிட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வந்திறங்கினார். கூடவே ஷபீயும், மதராஸ் ஏஜண்டு கம்பெனி குமாஸ்தா சுந்தரமூர்த்தியும். துரையின் இங்கிலீஷைத் தமிழாக்குவது சுந்தரமூர்த்தியின் வேலை. துரை இரண்டு வார்த்தை சொன்னால் அவர் இரண்டு வாக்கியமாகக் கொடுப்பார். மிச்சம் மரியாதை.

பெரிய சாயபு ஷெர்வானி, கடிகாரச் சங்கிலி, ஜரிகைத் தொப்பி சகிதம் சித்திரை வெயிலில் நின்றிருந்தார். நெற்றியில் வியர்வை அருவி. பின்னால் சிவப்புப் பட்டு விரித்த நாற்காலி, அரசர் யாராவது ஊருக்கு வந்தால் ஆகட்டும் என்று செய்துவைத்தது.

துரை அந்த நாற்காலியைப் பார்க்கவேயில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நேராகச் சுண்ணாம்புத் தொட்டிக்குப் போய், கையை முழங்கைவரை விட்டு ஒரு தோலைத் தூக்கினார். மோந்தார். கொஞ்சம் திகைத்தார். மறுபடி மோந்தார்.

"இந்த வாசனை எந்த மருந்துன்னு துரை கேக்கறார்," என்றார் சுந்தரமூர்த்தி.

"பன்னீர்னு சொல்லுங்க," என்றார் ரத்தினசாமி, சாயபு வாயைத் திறப்பதற்குள்.

துரை அடுத்துப் பார்த்தது ஷபீயின் பீப்பாயை. குரோம் தண்ணீரில் தோல் புரள வேண்டுமானால் பீப்பாய் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சீமையில் அதை நீராவி சுற்றுகிறது. ஷபீ பழைய எண்ணெய்ப் பீப்பாயைச் செக்குமரத்தில் பூட்டி, இரண்டு மாட்டை விட்டுச் சுற்றவைத்திருந்தான். துரை மாட்டோடு சேர்ந்து தானும் ஒரு சுற்று நடந்தார். நடந்தபடியே சிரித்தார்.

"நீராவி எந்திரம் ராத்திரில சாணி போடாதுன்னு சொல்றார். அதாவது, பிரமாதமான ஏற்பாடு, மனசாரப் பாராட்டறாராம்."

ஷபீக்குக் காது சிவந்தது. 'இனி ரங்கூன் இல்லை' என்று அந்தக் காது நினைத்துக்கொண்டது.

எல்லாரும் மேஜைக்கு வந்தார்கள். இருபது தோல், பொன்னாகப் பளபளத்தது. ஷபீ அதைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கூரையைப் பார்த்தார்.

துரை ஒன்றை எடுத்து மடித்தார், முறுக்கினார், வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு இரண்டு வார்த்தை.

"துரை வெந்நீர் கேக்கறார். கொதிக்கக் கொதிக்க வேணுமாம்."

பெரிய சாயபுவின் முகம் மலர்ந்தது. "டீ! ரஃபத்! வெள்ளித் தட்டு! ஏலக்காய் போட்டு!"

எதிர் வீட்டிலிருந்து வெள்ளித் தட்டில் சீனாக் கோப்பையும், கெட்டில் நிறைய வெந்நீரும், தனியாக டீத்தூளும், ஏலக்காயும், பால்கோவாவும் வந்தன. துரை பேனாக்கத்தியை எடுத்து, முதல்தரத் தோலின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டினார். அதைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் பென்சில் கோடு போட்டார். கெட்டில் மூடியைத் திறந்து துண்டை உள்ளே போட்டார். கடிகாரத்தை எடுத்தார்.

சாயபு குனிந்து சுந்தரமூர்த்தியின் காதில், "சீமைல டீ இப்டித்தான் போடுவாங்களா?" என்று கேட்டார்.

"சாயபு, கொஞ்சம் சும்மா இருங்க. இது பரீட்சை. நெஜமான குரோமா இருந்தா கொதிக்கற தண்ணில சுருங்காது. பட்டைத் தோலு சுருங்கிப்புடும்."

சாயபுவின் வியர்வை நின்றுவிட்டது.

ஒரு நிமிஷம். துரை துண்டை எடுத்துக் கோட்டுக்குள் வைத்தார். வெண்டைக்காய் வற்றல் மாதிரிச் சுருண்டு, கோட்டில் பாதிகூட இல்லை. அவர் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டார். கிளம்பப் போகிறார் என்று ஷபீக்குப் புரிந்தது.

"இது என்னுது இல்ல!" என்றான். "பாயிஜான், என் சரக்கு எங்க?"

அண்ணன் மறுபடி கூரையைப் பார்த்தார். ரத்தினசாமிதான் சொன்னார்: "வண்டில, சின்ன சாயபு. இந்நேரம் விண்ணமங்கலம் தாண்டியிருக்கும்."

சுந்தரமூர்த்தி அதை இங்கிலீஷாக்கினார். துரை கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

"பதினாலு தேசம் சுத்தியிருக்காராம். எல்லா ஊர்லயும் நல்ல சரக்கு இவர் வர்ற அன்னிக்குத்தான் வண்டியேறிப் போகுதாம். நீங்க அனுப்பின மாதிரியும் வேற எங்கேயாவது வாங்கினதா இருக்கலாம்னு நெனைக்கறார். வண்டியைத் திருப்பிக் கொண்டாந்தா சாயங்காலம் ஆயிடும். இவருக்கு மூணு மணிக்கு ரயில்." இந்தத் தடவை சுந்தரமூர்த்தி மரியாதை எதுவும் சேர்க்கவில்லை.

பெரிய சாயபுவுக்கு ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. "சாப்புடாம போவக் கூடாது," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "வூட்டுக்கு வந்தவங்க பசியோட போனா எங்களுக்கு ஆவாது. சொல்லுங்க, சுந்தரமூர்த்தி."

*

வீட்டுக் கூடத்தில் துரையை உட்காரவைத்தார்கள். உட்கதவுக்குத் திரை போட்டிருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் நின்ற இரண்டு பெண்களும் கூடத்துப் பேச்சிலிருந்து தோல்ஷாப்பில் நடந்த எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள்.

"போச்சு," என்றாள் ரஃபத் ஜஹான். "இவரு வாய் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காது. தங்கமாட்டம் இருந்த வாய்ப்பு. தங்கமாட்டம் இருக்கணும்னே கெடுத்தாரு."

ஜஹீதா தேக்சாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் டிரங்குப் பெட்டிமேல் பூனை நெட்டி முறித்தது.

"பாபி. ஒண்ணு சொல்றேன். திட்டாதீங்க."

"சொல்லு."

"அவுங்க சரக்குல ஒரு துண்டு வண்டில போவல. இங்க இருக்கு."

"எங்க?"

ஜஹீதா தேக்சாவைக் காட்டினாள். மூடியைச் சுற்றிலும் மாவு, வெளியே மெல்லிய பூச்சாக, பார்வைக்கு. அதன் கீழே நீலமாக ஒரு விளிம்பு.

ரஃபத் ஜஹான் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

"தோலா?"

"ஜனவரில வந்த பன்னண்டுல ஒண்ணோட ஓரத்த வெட்டி எறிஞ்சிட்டாங்க. நான் எடுத்தாந்து மூடி அளவுக்கு வளையமா கத்தரிச்சேன். மாவு வெடிக்குதுன்னு எல்லாரும் சொன்னீங்க இல்ல... இத வெச்சா ஆவி போவல பாபி. சுருங்கவும் இல்ல."

"எத்தினி தடவ?"

"ஈதுப் பெருநாளையும் சேத்து பதினோரு தடவ."

"யா அல்லா! ஈதுக்கு எங்க அண்ணன் மூணு தட்டு தின்னாரு!" ரஃபத் ஜஹான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஜஹீதாவுக்குத் தெரியவில்லை. "செருப்பக்கூட வாசல்லயே உட்டுட்டு வரணும்னு சட்டம் போட்டவரு இவரு. தோல்ஷாப்புச் சரக்கு படி தாண்டக் கூடாது. அது இன்னாடான்னா அவரு பிரியாணிமேல ஏறி உக்காந்திருக்கு!"

"ஹலால் ஆடுதான் பாபி. உள்ள வேகறதும் ஆடு, மேல இருக்கறதும் ஆடு. ஒவ்வொரு தடவையும் வெந்நீர்ல கழுவி, நெய் தடவித்தான் வெப்பேன். இப்ப வெளிய காட்டினா பாயிஜான் என்னை இன்னா சொல்லுவாரோ."

ரஃபத் ஜஹான் கணக்குப் போடாமலே ஒரு கணக்குச் சொன்னாள்: "அவரு கத்தினா ரெண்டு நாளு. ரங்கூன் ரெண்டு வருஷம்." திரையை விலக்கி, "ஷபீ! இங்க வா. ரத்தினத்தையும் கூப்புடு. தேக்சாவ அப்டியே தூக்கிட்டுப் போங்க," என்றாள்.

ஷபீ உள்ளே வந்தான். முகத்தில் ரங்கூன் எழுதியிருந்தது. ஜஹீதா அவன் காதோரம், "நீங்க தொறக்காதீங்க. துரையையே தொறக்கச் சொல்லுங்க," என்றாள்.

*

துரைமுன் தேக்சா வந்தது. மூடியை விருந்தாளியே திறக்க வேண்டும் என்பது இந்த வீட்டு மரியாதை என்று சுந்தரமூர்த்தி சொந்தப் பொறுப்பில் சொல்லிவைத்தார். துரை மாவைத் தட்டிவிட்டு மூடியைத் தூக்கினார். ஆவி எழும்பியது. மூடியின் அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு நீல வளையம் வந்தது.

துரை அதைத் தொட்டார். சுட்டது, விடவில்லை. ஜன்னலுக்குக் கொண்டுபோனார். மடித்தார். விரித்தார். அதில் ஓரிடத்தில் வரிசையாக மூன்று ஊசித் துளை, ஆவி போகாமல் மாவு வைத்து அடைத்திருந்தது. நகத்தால் மாவைச் சுரண்டினார்.

பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு சிறு கவரை எடுத்தார். லீட்ஸுக்குப் போன மாதிரியின் மூலைத்துண்டு. அதிலும் மூன்று துளை, அதே இடைவெளி. ஷபீ தன் சரக்கு ஒவ்வொன்றிலும் குத்தும் அடையாளம் அது.

"இது எத்தனை நாளா இந்தப் பானையில இருக்குன்னு கேக்கறார்."

திரைக்குள்ளிருந்து ரஃபத் ஜஹான் சொன்னாள்: "பதினோரு பிரியாணி. ஒவ்வொண்ணும் முக்கா மணி நேரம் தம்முல."

துரை வளையத்தை மூடியில் வைத்துப் பார்த்தார். விளிம்போடு விளிம்பு, ஒரு நூல்கூடக் குறையவில்லை. சட்டைக் கையை மறுபடி மடித்துவிட்டுக்கொண்டார். ஷபீக்கு மூச்சு வந்தது.

"தோல் இவ்வளவு மெத்துன்னு வர என்ன எண்ணெய் போட்டீங்க? லீட்ஸ்ல மீனெண்ணெய் போட்டும் இந்த மென்மை வரலையாம்."

ஷபீ திரையைப் பார்த்தான். அவனுக்கே தெரியாது. திரைக்குள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று, பாபியிடம் சொல்வதுபோல, "நெய்," என்றது.

இந்த இடத்தில் பெரிய சாயபுவுக்கு உயிர் திரும்பியது. ஜரிகைத் தொப்பியைச் சரிசெய்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"சுந்தரமூர்த்தி, துரைகிட்ட சொல்லுங்க. இந்த வளையம் நம்ம ஏற்பாடு. ரொம்ப நாளாவே நான் யோசிச்சி..."

திரைக்குள் ரஃபத் ஜஹான் இருமினாள். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தின் இருமல் அது.

"...யோசிச்சி, நம்ம தம்பி பொண்டாட்டி செஞ்சா," என்று முடித்தார் சாயபு.

துரை சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாவது தட்டின் நடுவில் தலையைத் தூக்கிக் கேட்டார்: நல்ல சரக்கை எதற்காக மறைத்தீர்கள்?

சாயபு பரிமாறும் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு வலது கட்டைவிரலை நீட்டினார். முப்பது வருஷப் பட்டைக்கறை. நகம் ஆவாரம்பூ நிறம்.

"பட்டைத் தோல இந்த வெரலால ஒரு தேய் தேய்ச்சா எந்த ஆடு, எத்தினி நாளு ஊறிச்சி, எல்லாம் சொல்லிடுவேன். அந்த நீலத்தைத் தேய்ச்சா ஒண்ணும் தெரியல. வெரலு ஊமையாயிடுச்சி. தம்பிக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. அத எப்டி மேஜைமேல வெச்சிட்டுப் பக்கத்துல நிக்கறது?"

ஷபீ தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டில் ஒன்றும் இல்லை.

சுந்தரமூர்த்தி இதை அப்படியே சொன்னார், ஒரு வார்த்தை கூட்டாமல். துரை எச்சில் கையைத் துடைத்துக்கொண்டு தன் கட்டைவிரலையும் நீட்டினார். அதுவும் கறைதான். "எங்கப்பாவும் ஓக்கு மரப் பட்டைல தோல் பதனிட்டவர். குரோம் வந்தப்ப ஒரு வருஷம் என்னோட பேசலை," என்று வந்தது மொழிபெயர்ப்பு. சாயபு அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி கறி போட்டார். ஆம்பூரில் ஒப்பந்தம் கையெழுத்தாவது அப்படித்தான்.

மீதி விவரம் சுருக்கமாக நடந்தது. கம்பெனி முதல் போடும். நீராவிக் கொதிகலன் ஒன்று, தோலை இரண்டாகச் சீவும் எந்திரம் ஒன்று வரும். பாதிக்குப் பாதி. வாசற்பலகையில் கம்பெனிப் பெயர் முதலில், சாயபுவின் பெயர் பிறகு.

"பிறகா?" என்றார் சாயபு.

"லண்டன்னு எழுதியிருக்கீங்களே, அங்க உங்க ஆபீஸ் எந்தத் தெருன்னு கேக்கறார்."

"பிறகே இருக்கட்டும்," என்றார் சாயபு.

"கடைசியா ஒரு நிபந்தனை. எந்திரத்தை வெறுமனே அனுப்பினா இங்க கோழி அடைகாக்கும்னு துரைக்குப் பயம். அதனால, இந்த மாதிரியைச் செஞ்சவர் லீட்ஸுக்கு வந்து ஒரு வருஷம் எந்திரத்தோட நின்னு கத்துக்கணும். ஜூன் மாசம் கப்பல்."

"ஆவட்டும்!" என்றார் சாயபு, இதையும் தானே திட்டமிட்டதுபோல. "டிரங்குப் பெட்டி தயாராவே இருக்கு. ஷபீ, ரங்கூன் வேணாம். சீமைக்குப் போ!"

உள்ளே ஏதோ கீழே விழுந்து உருண்டது.

ரங்கூனுக்கு நாலு நாள் கப்பல். லீட்ஸுக்கு நாலு வாரம். ஜஹீதா எதைத் தடுக்க மூடியைத் திறந்துவிட்டாளோ, அது இன்னும் தூரமாகப் போய் நின்று சிரித்தது. கடலைத் தாண்டி, குளிரைத் தாண்டி, டிசம்பரையும் தாண்டி. டிசம்பரில் அவளுக்கு அவன் இங்கே வேண்டும்.

வந்த நாளிலிருந்து அவள் பெரிய சாயபுவோடு ஒரு வார்த்தை நேரில் பேசியதில்லை. சொல்ல வேண்டியதை பாபியிடம் சொல்வாள், பாபி சொல்வாள். அந்த வீட்டு வழக்கம். இப்போது திரையைப் பிடித்திருந்த அவள் கை மட்டும் வெளியே தெரிந்தது, நாலு கண்ணாடி வளையலோடு.

"பாயிஜான்," என்றாள். "டிக்கெட் ஒண்ணா ரெண்டான்னு துரையைக் கேட்டுச் சொல்லுங்க."

பெரிய சாயபு அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். சுந்தரமூர்த்தி வாயைத் திறந்து, மூடி, "இதை மொழிபெயர்க்கட்டுமா?" என்றார்.

ரஃபத் ஜஹான் ஒரு மாதமாகப் புளியங்காய் ஜாடி காலியாவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள். இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ஓரகத்தியின் முகத்தை இப்போது ஒரு தரம் பார்த்தாள். பிறகு கூடத்தை நோக்கிக் குரல் கொடுத்தாள்.

"சரியாக் கேளுங்க சுந்தரமூர்த்தி. ரெண்டு இல்ல. ரெண்டரை."

ஷபீ எழுந்துவிட்டான். துரை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, எல்லோரும் ஏன் திரையையே பார்க்கிறார்கள் என்று சுந்தரமூர்த்தியைப் பார்த்தார்.